இரண்டு ஆம்புக்கு நடுவே

இரண்டாவது ஆம்ப் (கிட்டாரின் ஓசையைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டி) வீட்டுக்கு வந்த அன்று மாலை, அதை முதல் ஆம்புக்கு ஒரு மீட்டர் தள்ளி வைத்து, ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிள் ஒன்றால் கிட்டாரை இரண்டுக்கும் இணைத்து, ஈ கார்டை முழுதாக வாசித்தேன். அறை நிறையப் போகிறது என்று காத்திருந்தவனுக்கு, ஒரே ஆம்பில் கேட்டதைவிட மெலிந்த ஓசைதான் கிடைத்தது. ஆறாவது கம்பியின் கனம் எங்கே போனதென்று தெரியவில்லை. கம்பிகளைக் கையால் அமுக்கினாலும் அடங்காத ஒரு ‘ம்ம்ம்’ பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டாவது ஆம்பின் கேபிளைப் பிடுங்கினேன். உறுமல் நின்றது, கனம் திரும்பி வந்தது.

மாதக்கணக்கில் ஆசைப்பட்டுச் சேர்த்து வாங்கிய ஆம்ப் அது. அதைப் பிடுங்கிப் போட்டால்தான் கிட்டார் நன்றாக இருக்கிறது என்றால் மனது என்ன பாடுபடும்! ஆனால் ஸ்டீரியோவை நான் கற்கத் தொடங்கியது அந்த மாலையில்தான். இன்று என்னிடம் இருக்கும் அமைப்பு ஒவ்வொரு நாளும் எனக்கு மகிழ்ச்சி தருகிறது. அங்கே வந்து சேர எனக்கு ஆன காலத்தில் பாதிக்கு மேல், ஸ்டீரியோ எஃபெக்ட் எதையும் தொடாமலே கழிந்தது. இரண்டு ஆம்பையும் ஒரே ஆம்ப் போலப் பேச வைப்பதற்கே அவ்வளவு நாளும் போனது. அந்த வேலையைத் தாண்டிக் குதித்து நேராக டிலே (எதிரொலி), கோரஸ் (பலர் சேர்ந்து வாசிப்பது போன்ற அசைவு) என்று போகிறவர்கள்தான் பிறகு சலித்துப்போய் ஒற்றை ஆம்புக்குத் திரும்புகிறார்கள் என்பது என் எண்ணம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டு ஆம்புக்கும் ஒரே சிக்னலை அனுப்பினால் அது ஸ்டீரியோ ஆகாது. இரண்டு இடத்திலிருந்து வரும் மோனோ, அதாவது ஒற்றை ஓசை, அவ்வளவுதான். அலன் புளூம்லைன் 1931-ல் ஸ்டீரியோ முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அவருடைய முறைக்கு அடிப்படை, நம் இரண்டு காதுகளும் ஒரே ஒலியைச் சற்று வேறுபாட்டோடு கேட்கின்றன என்பது. ஒலி முழுக்கப் பக்கவாட்டிலிருந்து வந்தாலும், ஒரு காதுக்கும் மறு காதுக்கும் இடையே இருக்கும் தாமதம் சுமார் 0.7 மில்லி நொடியைத் தாண்டாது. அந்தத் துளி வேறுபாட்டை வைத்தே மூளை திசையைச் சொல்லிவிடுகிறது. இரண்டு ஆம்பும் ஒரே நேரத்தில், ஒரே அளவில், ஒரே ஓசையைத் தந்தால் நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு அது எந்த ஆம்பிலிருந்தும் வருவதாகத் தோன்றாது. ஆம்பே இல்லாத நடு இடத்திலிருந்து வருவதாகத் தோன்றும். முதல் முறை அது எனக்குச் சரியாக அமைந்தபோது, நடுவில் ஏதாவது இருக்கிறதா என்று எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றியது. அந்த நடு ஓசை உறுதியாக நின்றால்தான் அதிலிருந்து விலகிப் போவதற்கு ஒரு அர்த்தம் வரும்.

கிட்டாரில் ஸ்டீரியோ ஐம்பதுகளின் கடைசியிலேயே வந்துவிட்டது. 1958-ல் கிரெட்ச் நிறுவனம், கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப்பையே பிரித்து, தடித்த கம்பிகளை ஒரு ஆம்புக்கும் மெல்லிய கம்பிகளை இன்னொரு ஆம்புக்கும் அனுப்பிப் பார்த்தது. கிப்சனின் இஎஸ்-345 ஒவ்வொரு பிக்கப்பையும் ஒவ்வொரு ஆம்புக்கு அனுப்பும். அழகான கிட்டார்கள்தான். ஆனால் அவை கிட்டாரைத் துண்டாக்கின. 1975-ல் வந்த ரோலண்ட் ஜேசி-120 வேறு வழியில் போனது. ஒரே பெட்டிக்குள் இரண்டு 60 வாட் பவர் ஆம்புகள், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள். கோரஸைப் போட்டால் ஒரு ஸ்பீக்கரில் கிட்டார் உள்ளபடியே வரும். மற்றதில் சற்றுத் தாமதமாக, சுருதி லேசாக ஏறி இறங்கி வரும். இரண்டும் கலப்பது ஒயருக்குள் அல்ல, காற்றில். அடுத்த ஆண்டே அந்த கோரஸைத் தனியாக எடுத்து பாஸ் சிஇ-1 என்ற, காலால் இயக்கும் பெடலாக வெளியிட்டார்கள். அந்த ஆம்பின் முன்னால் முதல்முறை நின்று வாசித்தபோது ஒன்று புரிந்தது: ஒரு பக்கம் அசையாமல் நிற்பதால்தான் மறுபக்கத்தின் அசைவு இனிக்கிறது. இரண்டும் சேர்ந்து ஆடினால் தலைசுற்றல்தான் மிஞ்சும்.

சரி, என் மெலிந்த ஈ கார்டுக்கு வருகிறேன். கனம் போனதற்குக் காரணம் போலாரிட்டி. பேச்சில் ‘ஃபேஸ் மாறிக் கிடக்கிறது’ என்போம். கம்பியை மீட்டிய கணத்தில் ஒரு ஆம்பின் ஸ்பீக்கர் கூம்பு முன்னால் வருகிறது. மற்ற ஆம்பின் கூம்பு அதே கணத்தில் பின்னால் போகிறது. ஒன்று தள்ளும் காற்றை மற்றது இழுத்துக்கொள்கிறது. திறந்த ஆறாவது கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸ். காற்றில் அந்த அலையின் நீளம் நான்கு மீட்டருக்கு மேல். ஒரு மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு ஸ்பீக்கர்கள் அவ்வளவு நீண்ட அலைக்கு ஏறக்குறைய ஒரே இடம் மாதிரி. அதனால் தாழ்ந்த ஓசை கிட்டத்தட்ட முழுசாக அழிந்துவிடுகிறது. 2,000 ஹெர்ட்ஸ் அலையின் நீளமோ 17 சென்டிமீட்டர்தான். அது அறையில் ஓர் இடத்தில் அழிந்து, ஒரு சாண் தள்ளினால் கூடி, எப்படியோ பிழைத்துக்கொள்கிறது. கீழ் ஓசை இல்லாத, கூரான, எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாத ஒரு ஓசை மிஞ்சும். இந்த வர்ணனை உங்கள் அமைப்புக்குப் பொருந்தினால் முதலில் போலாரிட்டியைத்தான் பாருங்கள்.

இதில் எந்த ஆம்பின் மீதும் பழி இல்லை. டியூப் (வால்வு) ஆம்பில், சிக்னலைப் பெருக்கும் வழக்கமான ஒவ்வொரு கெயின் நிலையும் சிக்னலைத் தலைகீழாக்கும். நிலைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதைப் பொறுத்துக் கடைசியில் நேராகவோ தலைகீழாகவோ வெளியே வரும். அறுபதுகளின் ஃபெண்டர் ட்வின் ரிவெர்பில், ரிவெர்ப் (அறையின் முழக்கம் போன்ற எஃபெக்ட்) உள்ள சேனலில் ஒரு நிலை கூடுதல். அதனால் ஒரே ஆம்பின் இரண்டு சேனல்களே ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும். அப்படியிருக்க, வெவ்வேறு ஆட்கள் வரைந்த இரண்டு ஆம்புகள் தாமாக ஒத்துப்போவது பாதிக்குப் பாதி வாய்ப்புதான்.

சோதிப்பது எளிது. இரண்டு ஆம்பையும் தோளோடு தோள் ஒட்டி, ஒரே பக்கம் பார்க்க வையுங்கள். எல்லா எஃபெக்ட்டையும் அணைத்து, கரகரப்பில்லாத கிளீன் ஓசையில் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, ஆறாவது கம்பியைத் திறந்து மீட்டுங்கள். பிறகு ஒரு பக்கத்தின் போலாரிட்டியை மாற்றி மறுபடி மீட்டுங்கள். எது கனமோ அதுதான் சரி. காது பழகாதவருக்கும் இந்த வித்தியாசம் உடனே தெரியும். மாற்றுவதற்கு, சிக்னலைப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் பெட்டிகள் பலவற்றில் ஒரு சுவிட்ச் இருக்கும். அது இல்லையென்றால் ஒரு ஆம்பை அணைத்துவிட்டு, அதன் ஸ்பீக்கரில் போய்ச் சேரும் இரண்டு ஒயர்களை இடம் மாற்றினால் போதும். ஸ்பீக்கரில் ஒரு பேட்டரியைத் தொட்டுக் கூம்பு முன்னால் வருகிறதா என்று பார்க்கும் வழக்கம் ஒன்று உண்டு. ஸ்பீக்கரின் பிளஸ் முனை எது என்று அறிய அது உதவும். ஆனால் ஆம்புக்குள் எத்தனை முறை தலைகீழானது என்பதைப் பேட்டரி சொல்லாது. நான் அதை நம்பி ஒரு வாரத்தை வீணாக்கினேன். காதால் கேட்டுப் பார்ப்பதே முடிவான சோதனை.

இதிலும் ஒரு கண்ணி இருந்தது. என் வலது ஆம்பில், ஓசையைக் கரகரப்பாக்கும் டிரைவ் சேனலுக்குப் போனால் போலாரிட்டி மறுபடி திரும்பிவிடுகிறது. கிளீனில் சரி செய்தது டிரைவில் கெட்டது. ரொம்ப யோசித்து, ஆம்புகளின் டிரைவ் சேனலைத் தொடுவதே இல்லை என்று முடிவெடுத்தேன். ஓவர்டிரைவ் எல்லாம் பெடலில், அதுவும் சிக்னல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால். ஓவர்டிரைவ் பெடல்களில் சிலவும் சிக்னலைத் தலைகீழாக்கக் கூடியவைதான். ஆனால் பிரிவுக்கு முன்னால் எது தலைகீழானாலும் இரண்டு பக்கமும் சேர்ந்தே மாறும். அவற்றுக்குள் சண்டை வராது. இந்த ஒரு முடிவு என் பெடல்போர்டின் வடிவத்தையே தீர்மானித்துவிட்டது.

அடுத்தது அந்த ‘ம்ம்ம்’. இதை நான் விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. இதில் தப்பு செய்தால் போவது ஓசை மட்டும் அல்ல.

ஒவ்வொரு ஆம்பும் தன் மின் பிளக்கின் வழியாக எர்த்தோடு இணைந்திருக்கிறது. கிட்டார் கேபிளின் வெளிச்சுற்று உறையும் ஆம்பின் எர்த்தோடு இணைந்திருக்கிறது. இரண்டு ஆம்புக்கும் கேபிள் போட்டு, அந்தக் கேபிள்கள் ஒரு ஸ்பிளிட்டரில் சந்தித்தால் சுவரிலிருந்து ஒரு ஆம்ப், கேபிள், ஸ்பிளிட்டர், இன்னொரு கேபிள், இன்னொரு ஆம்ப், மறுபடி சுவர் என்று ஒரு முழு வளையம் உருவாகிவிடுகிறது. சுற்றிலும் உள்ள மின்சாரத்தின் காந்தப்புலம் அந்த வளையத்தில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. நமக்கு அது துளி. ஆனால் கேபிளின் உறையில் ஓடும் அந்தத் துளியை ஆம்ப் சிக்னல் என்று எண்ணிப் பெருக்கிவிடுகிறது. மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் உறுமலாக வெளியே வருகின்றன. கிரவுண்ட் லூப் என்பது இதுதான். சிங்கிள் காயில் பிக்கப்பின் இரைச்சலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கிட்டாரைப் பிடித்தபடி நீங்கள் திரும்பினால் கூடிக் குறையும். கிட்டாரின் வால்யூமை மூடினால் அடங்கும். லூப் இரண்டுக்கும் மசியாது. ஒரு ஆம்பின் கேபிளைக் கழற்றினால் மட்டும் நிற்கும்.

பிளக்கில் உள்ள எர்த் பின்னை எடுத்துவிட்டால் உறுமல் நின்றுவிடும் என்று எனக்கும் ஒருவர் சொன்னார். நிற்கும்தான். கூடவே, ஆம்புக்குள் ஏதாவது கோளாறு வந்து அதன் உலோக உடலில் மின்சாரம் ஏறினால், அது போக வேறு வழி இல்லாமல் உங்கள் கிட்டார் கம்பிகளில் வந்து நிற்கும். மறு கையால் மைக்கைத் தொட்டால் உடல் வழியாகப் பாயும். ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி 1972-ல் ஸ்வான்சியில் மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். எர்த் சரியாக இல்லாத மைக்கைத் தொட்டதுதான் காரணம். இந்த விஷயத்தில் எனக்குச் சமரசம் கிடையாது. எர்த்தைத் தொடாதீர்கள்.

வளையத்தை உடைக்க வேண்டிய இடம் மின் பிளக் அல்ல, சிக்னல் கேபிள். பிரிந்து போகும் இரண்டு வழிகளில் ஒன்றில் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் சிக்னல் காந்தப்புலமாகத் தாண்டிப் போகும். உலோகத் தொடர்பு அறுந்துவிடும். நல்ல ஸ்பிளிட்டர் பெட்டிகளில் இது உள்ளேயே இருக்கும். நான் முதலில் அப்படி ஒன்றை வாங்கி, உறுமல் நின்ற மகிழ்ச்சியில் மறுநாள் அதை எடுத்துவிட்டு ஸ்டீரியோ டிலே பெடலின் இரண்டு அவுட்புட்டையும் நேராக ஆம்புகளுக்குக் கொடுத்தேன். உறுமல் திரும்பிவிட்டது. பெடலின் இடது, வலது அவுட்புட் இரண்டுக்கும் கிரவுண்ட் ஒன்றே. ஆகவே அங்கேயும் வளையம் பூர்த்தியாகிவிடும். கடைசி ஸ்டீரியோ பெடலுக்குப் பிறகு, ஆம்புக்குப் போகும் ஒரு கேபிளில் டிரான்ஸ்ஃபார்மர் வர வேண்டும். இரண்டு ஆம்பையும் ஒரே மின் இணைப்புப் பலகையிலிருந்து எடுப்பதும் நல்லது. வளையத்தின் பரப்பு சுருங்கும், உறுமல் குறையும். ஆனால் அது மட்டும் எனக்குப் போதவில்லை.

ஒய் கேபிளை நான் தூக்கி வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிட்டார் கேபிளுக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் இருக்கும். ஆறு மீட்டர் கேபிள் இரண்டை பிக்கப்பின் தலையில் நேராகக் கட்டினால் அந்தச் சுமை இரட்டிப்பாகி, மேல் ஓசையின் பளபளப்பு மங்கிவிடும். முன்னால் ஒரு பஃபர் (சிக்னலுக்கு வலு கொடுக்கும் சிறு சுற்று) இருந்தால் பிக்கப்புக்கு இந்தச் சுமை தெரியவே தெரியாது.

ஆக, இன்றைய என் வரிசை இப்படி: கிட்டார், பஃபர் உள்ள டியூனர், கம்ப்ரஸர், இரண்டு ஓவர்டிரைவ். இதுவரை மோனோ. பிறகு ஸ்டீரியோ கோரஸ், ஸ்டீரியோ டிலே, ஸ்டீரியோ ரிவெர்ப். முதல் ஸ்டீரியோ பெடல்தான் பிரிக்கும் இடம். அதற்குப் பிறகு ஒரு மோனோ பெடல்கூட வரக்கூடாது. வந்தால் அந்த இடத்தில் ஒரு பக்கம் அறுந்து போகும், அல்லது இரண்டும் ஒன்றாகிவிடும். இன்னொரு சின்ன எச்சரிக்கை: சில பெடல்களில் இடது வலது இரண்டையும் ஒரே ஸ்டீரியோ ஜாக்கில் வாங்குவார்கள். அதில் சாதாரண கிட்டார் கேபிளைக் குத்தினால் வலது பக்கம் சத்தமில்லாமல் செத்துவிடும். ஒரு முழு மாலை நான் வலது ஆம்பைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அளவைச் சமப்படுத்துவதைப் பற்றி நிறைய எழுத வேண்டியதில்லை. எஃபெக்ட் எல்லாம் அணைத்து, இரண்டு ஆம்புக்கும் நடுவில் உட்கார்ந்து, ஒற்றைக் கம்பியில் ஒரு சுரத்தை வாசித்து, ஓசை எங்கே நிற்கிறது என்று கண்ணை மூடிக் கேளுங்கள். நடுவில் நிற்கும்வரை ஒரு ஆம்பின் வால்யூமை மட்டும் நகர்த்துங்கள். மற்றதைத் தொடாதீர்கள், இரண்டையும் மாற்றி மாற்றித் திருகினால் அரை மணி நேரத்தில் காது குழம்பிவிடும்.

ஆனால் உட்கார்ந்திருக்கும் இடம் முக்கியம். ஒலி ஒரு மில்லி நொடியில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் போகும். நீங்கள் ஒரு ஆம்புக்கு அவ்வளவு தூரம் அருகில் இருந்தால் அதன் ஓசை ஒரு மில்லி நொடி முன்னால் வந்துவிடும். அளவு சமமாக இருந்தாலும் முழு ஓசையும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். நான் ஆம்புகளை இரண்டு மீட்டர் இடைவெளியில் வைத்து, இரண்டிலிருந்தும் இரண்டு மீட்டர் தள்ளி உட்காருகிறேன். சம பக்க முக்கோணம். இடைவெளியை இன்னும் அகட்டிப் பார்த்தேன்; நடுவில் பள்ளம் விழுந்தது, இரண்டு மூலைகளில் இரண்டு கிட்டார் நிற்பது போல இருந்தது. தரையில் இருக்கும் ஆம்ப் முழங்காலுக்குத்தான் வாசிக்கும், அது இன்னொரு விஷயம். 12 அங்குல ஸ்பீக்கர் மேல் ஓசைகளை நேர் முன்னால் ஒரு குறுகிய கற்றையாகத்தான் அனுப்பும். ஆம்பைச் சாய்த்தோ உயர்த்தியோ அந்தக் கற்றை காதுக்கு வரும்படி செய்யாவிட்டால், கேட்காத பளபளப்புக்காக டிரெபிளை ஏற்றிக்கொண்டே போவோம். சுவரிலிருந்து இரண்டும் ஒரே தூரத்தில் இருக்கட்டும். ஒன்று மூலையில், ஒன்று வெளியில் என்றால் மூலையில் இருப்பதற்குக் கீழ் ஓசை ஊதிப் பெருக்கும்; பிறகு எத்தனை திருகினாலும் அவை ஒத்துப்போகா.

இவ்வளவும் முடிந்த நாளில், எஃபெக்ட் ஒன்றும் இல்லாமல், இரண்டு ஆம்பும் ஒன்றாக நின்று வாசித்தபோது, அதே ஈ கார்டு மறுபடி வந்தது. இந்த முறை மார்பில் வந்து தொட்டது. ஸ்டீரியோ இன்னும் தொடங்கவே இல்லை. ஆனாலும் நான் ஒரு மணி நேரம் எதையும் மாற்றாமல் வாசித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் பிரிக்கத் தொடங்கினேன்.

ஹெல்முட் ஹாஸ் 1949-ல் கோட்டிங்கனில் தன் முனைவர் ஆய்வில் விவரித்த ஒன்று, கிட்டார்காரர்களுக்குப் பெரிய பரிசு. ஒரே ஓசை இரண்டு இடங்களிலிருந்து, ஒன்று முன்னும் மற்றது சில மில்லி நொடிகள் பின்னுமாக வந்தால் காது அவற்றை இரண்டாகக் கேட்காது. ஒன்றாகவே சேர்த்து, முதலில் வந்த பக்கத்தில் வைத்துவிடும். சுமார் 30 மில்லி நொடிக்கு மேல் போகும்போது அது எதிரொலியாகப் பிரியத் தொடங்கும். அந்த 30-க்குக் கீழேயிருக்கும் இடைவெளியில்தான் அகலம் கிடைக்கிறது. வலது பக்கத்துக்கு மட்டும் 15 மில்லி நொடி தாமதம் கொடுத்தேன். கிட்டார் ஒரேயடியாக அறையின் அகலத்துக்கு விரிந்தது. சிறுபிள்ளை போல மகிழ்ந்தேன், ஒரு மாதம் அதை அணைக்கவே இல்லை. பிறகு அதற்கு ஒரு விலை கொடுத்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கோரஸில் ஜேசி-120 காட்டிய வழியையே பின்பற்றுகிறேன்: இடது உள்ளபடி, வலது மட்டும் அசையும். சுருதியை மிக லேசாகத் தள்ளுவது இன்னொரு வழி. இடது பக்கம் ஆறு சென்ட் மேலே, வலது பக்கம் ஆறு சென்ட் கீழே. அரைச் சுரம் 100 சென்ட் என்பதால் இது பிசகாகக் காதில் படாது. விரிவு மட்டும் தெரியும். இதைச் செய்யும்போது நடுவில் மூல ஓசை கலந்திருக்க வேண்டும் என்பதை நான் கண்டிப்பாகச் சொல்வேன். எண்பதுகளின் பெரிய ஸ்டுடியோ கிட்டார் அமைப்புகளில் நடு ஆம்பில் எஃபெக்ட் இல்லாத ஓசை, இரு பக்கமும் எஃபெக்ட் என்று மூன்று ஆம்பு வைத்ததன் காரணமும் அதுதான். வசதி இருந்தால் அது மிகச் சிறந்த முறை. எனக்கு இரண்டே போதும். மூல ஓசையை இரண்டு பக்கமும் சமமாக விட்டால் மூன்றாவது ஆம்ப் இல்லாமலே அது நடுவில் வந்து நின்றுவிடுகிறதே.

டிலேயில்தான் என் மனம் நிற்கிறது. நிமிடத்துக்கு 120 துடிப்பு என்றால் ஒரு துடிப்பு 500 மில்லி நொடி, முக்கால் துடிப்பு 375. இடது பக்கம் 375, வலது பக்கம் 500 என்று வைத்து, டிலேயின் அளவை மூல ஓசைக்கு வெகுவாகக் கீழே இறக்கிவிடுங்கள். நடுவில் நீங்கள் மீட்டிய சுரம் நின்றுகொண்டிருக்கும். அதன் நிழல் முதலில் இடதில் விழும், அடுத்து வலதில். இரண்டு நிழலும் ஒன்றின் மேல் ஒன்று விழாததால் எத்தனை வாசித்தாலும் நெரிசல் வராது. ஒரே ஆம்பில் இதே இரண்டு டிலேயையும் போட்டால் சேறாகிவிடும். ஸ்டீரியோவின் பயன் அகலம் என்று நினைத்திருந்தேன். அதைவிடப் பெரிய பயன் இந்த இடவசதி. ரிவெர்பும் அப்படித்தான். இரண்டு பக்கமும் வேறு வேறாகச் சிதறி வரும்போது அது கிட்டாரின் மேல் படியாமல் கிட்டாருக்குப் பின்னால் போய் நிற்கிறது. கூடுதலாகப் போட்டாலும் ஓசை தெளிவாகவே இருக்கிறது.

இரண்டு ஆம்பும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். ஒரே மாதிரி என்றால் நடு ஓசை கல்லாக நிற்கும், எஃபெக்ட்டின் அசைவு சுத்தமாகத் தெரியும். என்னுடையவை வேறு வேறு. இடதில் 6எல்6 டியூப்களோடு கீழும் மேலும் திறந்த ஒரு கிளீன் ஆம்ப். வலதில் இஎல்84 டியூப்களோடு நடு ஓசை முந்தி வரும் ஆம்ப். எஃபெக்ட் இல்லாமலே ஒரு சுரத்தின் மணி இடதிலும் மரம் வலதிலும் கேட்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் டோன் குமிழ்களைத் திருகி இரண்டையும் நெருங்கி வர வைத்த பிறகுதான் அது பிடித்தது. இரண்டு ஆம்புகளைப் பெரிய கேபினெட் ஒன்றில் சேர்ப்பவர்கள், அதன் பின்னால் உள்ள மோனோ ஸ்டீரியோ சுவிட்சை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிடுங்கள். மோனோ நிலையில் இரண்டு ஆம்பைக் குத்தினால் ஒன்றின் அவுட்புட் மற்றதற்குள் பாயும். டியூப் ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் போடக்கூடாது என்பது தெரிந்ததே.

ஹெட்ஃபோனில் வாசிப்பவர்களுக்கு ஒரு சொல். அறையில் இடது ஆம்பின் ஓசை கால் மில்லி நொடி தாமதமாக வலது காதுக்கும் வந்து சேர்கிறது. ஹெட்ஃபோனில் அந்தக் கலப்பு இல்லை, அதனால் அகலம் மிகையாகத் தெரியும். அங்கே அழகாக அமைத்த டிலே அளவுகள் ஆம்புகளில் அடக்கமாக இருக்கும். ஆம்பில் அமைத்தவை ஹெட்ஃபோனில் காதைப் பிய்க்கும். இரண்டுக்கும் தனித்தனியாகச் சேமித்து வைத்துக்கொள்வதைத் தவிர வழி இல்லை.

இப்போது அந்த 15 மில்லி நொடிக்கு நான் கொடுத்த விலை. ஒரு மேடையில் இரண்டு ஆம்புக்கும் மைக் வைத்தார்கள். அரங்கின் ஒலி அமைப்பு மோனோ. இரண்டு மைக்கையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் வெளியே விட முடியும். அன்றைய பாடல் ஒன்றின் அடிப்படை, ஆறாவது கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டில் இருக்கும் ஜி. வாசித்துக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் நன்றாகவே கேட்டது. பிறகு பதிவைக் கேட்டபோது அந்த ஜி ஒவ்வொரு முறையும் உள்வாங்கிப் போயிருந்தது. அக்கம்பக்கத்துச் சுரங்கள் மெலிந்தாலும் கேட்டன, அது மட்டும் இல்லை. கணக்குப் போட்டபின் புரிந்தது. ஒரு ஓசையையும் 15 மில்லி நொடி பின்தங்கிய அதே ஓசையையும் ஒன்றாகக் கூட்டினால் 33, 100, 167 ஹெர்ட்ஸ் என்று சீப்பின் பல் போல இடைவெளி விட்டு ஓசை அழியும். அந்த ஜி 98 ஹெர்ட்ஸ். நேராக அந்தப் பல்லிடுக்கில் விழுந்திருக்கிறது. அதற்கு மேல் இருக்கும் 196 ஹெர்ட்ஸ் ஜி கூடிப் பெருகியதால், சுரம் ஒரு ஸ்தாயி மேலே தாவியது போலவும் இருந்தது. காற்றில் இரண்டு காதுகளும் பிரித்துக் கேட்டவரைக்கும் அது அகலமாக இருந்தது. ஒரே ஒயருக்குள் போனதும் பள்ளமாகிவிட்டது.

அந்தத் தாமதத்தை மேடைக்கு எடுத்துப் போவதை அன்றோடு நிறுத்திவிட்டேன். மேடையில் அகலம் முழுக்க நீண்ட டிலேயிலிருந்தும் ரிவெர்பிலிருந்தும் வருகிறது. அவற்றில் மூல ஓசை இரண்டு பக்கமும் ஒரே கணத்தில் போவதால் மோனோவில் சேர்த்தாலும் அது அழிவதில்லை. நிழல்கள் மட்டும் ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும். அரங்கின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து ஒரு ஆம்பை மட்டுமே கேட்பவருக்கும் முழுப் பாட்டும் போய்ச் சேரும்.

வீட்டில் புதிதாக ஏதாவது அமைத்து முடித்ததும், இரண்டு ஆம்பையும் ஆடியோ இன்டர்ஃபேசுக்கு மைக்கில் எடுத்து, மோனோ பட்டனை அழுத்தி, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, மூன்றாம் ஃபிரெட்டின் ஜி-யை மெதுவாக மீட்டுகிறேன். பிறகு ஒரு ஃபிரெட் கீழே, ஒரு ஃபிரெட் மேலே, அப்படியே பன்னிரண்டாவது வரை. எல்லாச் சுரமும் அங்கே இருந்தால் அந்த அமைப்பைச் சேமித்து, மோனோ பட்டனை விடுவித்து, மறுபடி ஆம்புகளின் நடுவே போய் உட்கார்ந்துகொள்கிறேன்.